அளந்து பேசுங்க!

கே: நேற்று வரை ஐந்து நிமிடத்தில் முடிந்த காப்பி இன்று அரை மணி நேரம் இழுக்கிறது. ஹார்ட் டிஸ்க் போச்சா?

ப: சாகக் கிடக்கிற டிஸ்க்கும் மெதுவாகும், கல்லு மாதிரி இருக்கிற டிஸ்க்கும் மெதுவாகும். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று யோசியுங்கள். அப்டேட் ஏறியதா? கேபிளைக் கழற்றி மாட்டினீர்களா? பயாஸில் கை வைத்தீர்களா? ‘நான் ஒண்ணுமே பண்ணலை’ என்பவரின் கம்ப்யூட்டரில்தான் அவர் தூங்கும்போது அப்டேட் ஏறியிருக்கும்.

கே: சரி, முதல் வேலை என்ன?

ப: பேக்கப். ஆராய்ச்சி அதற்கப்புறம்தான். டிரைவரைத் திரும்பக் கொண்டுவரலாம், கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவர முடியாது.

கே: ‘ரெக்ரெஷன்’ என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அப்படியென்றால்?

ப: பழைய வெர்ஷனில் ஒழுங்காக ஓடியது, புது வெர்ஷனில் கெட்டது. அவ்வளவுதான். என்றைக்குமே ஓடாதது அதில் சேராது. ஆகவே ரெக்ரெஷன் என்று வாய் திறக்கும் முன் ‘முன்னால் எவ்வளவு இருந்தது?’ என்ற கேள்விக்குக் கையில் ஒரு எண் இருக்கணும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் இது. டிஸ்க்கில் போடுவதை அளக்காமல் விடலாமா?

கே: டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் டிரைவரையும் சந்தேகிக்கச் சொல்கிறார்களே, அதற்கு அப்படி என்ன வேலை? டிஸ்க்தானே படிக்கிறது, எழுதுகிறது?

ப: எந்தக் கட்டளை முன்னால் போவது, ஒரே நேரத்தில் எத்தனை போவது, டேட்டா நேராக மெமரிக்குப் போவதா பிராசசர் சுமப்பதா, பிழை வந்தால் எத்தனை தரம் மறுபடி முயல்வது, இதில் எல்லாம் டிரைவருக்குக் கை உண்டு. என்சிக்யூ முறையில் சாட்டா டிஸ்க் 32 கட்டளைகளை வரிசையில் வாங்கிக்கொள்ளும். டிரைவர் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் 31 இடம் காலி. அதற்கு டிஸ்க்கைத் திட்டி என்ன பயன்?

கே: விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற பழைய மெஷின். டிஸ்க் விளக்கு எரிந்தால் மவுஸ் கூட நகர மறுக்கிறது.

ப: டிஎம்ஏ போய் பிஐஓ வந்திருக்கிறது. டிஎம்ஏ-வில் டேட்டா தானே மெமரிக்குப் போய்விடும். பிஐஓ-வில் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே தூக்கணும். எக்ஸ்பியில் டைம்-அவுட் பிழைகளும், வழியில் டேட்டா சிதைந்ததைச் சொல்லும் சிஆர்சி பிழைகளும் மொத்தம் ஆறு சேர்ந்தால் வேகத்தை இறக்கத் தொடங்கும். பிழை நிற்காவிட்டால் இறங்கி இறங்கி கடைசியில் பிஐஓ. நொடிக்கு 100 எம்பிக்குப் பிறந்த சானல் 16.7 எம்பியைத் தாண்டாது, அதுவும் காகிதத்தில். தானாக இறங்கத் தெரிந்த அதற்குத் தானாக ஏறத் தெரியாது.

கே: ஏற்றி விடுவது எப்படி?

ப: டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சானலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ-வில் தொடங்கும். ஆனால் அந்த ஆறு பிழை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பார்க்காவிட்டால் அது மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும்.

கே: கேபிள் கூடவா வேகத்தைத் தீர்மானிக்கும்?

ப: ஐடிஇ காலத்துக் கேபிளின் முனையில் 40 பின். உள்ளே 40 கம்பியும் இருக்கலாம், 80 கம்பியும் இருக்கலாம். 80 கம்பி இல்லாவிட்டால் 33 எம்பி வேகத்துக்கு மேல் பேச்சே கிடையாது. கூடுதலாக வந்த 40 கம்பியும் ஒரு பிட் டேட்டா சுமப்பதில்லை. எல்லாம் கிரவுண்ட், பக்கத்துக் கம்பியின் சலசலப்பைத் தடுக்க. சும்மா நிற்பவர்களாலும் வேகம் மூன்று மடங்காகும்!

கே: சாட்டா கேபிள் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கெட்டதா நல்லதா எப்படித் தெரியும்?

ப: டிஸ்க்கே சொல்லும். அது தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணுள்ள வரி சிஆர்சி பிழைக் கணக்கு. பழைய எண் குறையாது, ஆகவே இன்னும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர். 5, 197 என்ற வரிகள் ஏறினால் டிஸ்க்கின் பரப்பிலேயே பழுது. முன்னதற்குக் கேபிள் வாங்குங்கள், பின்னதற்கு டிஸ்க் வாங்குங்கள். டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

கே: லினக்ஸ் வைத்திருக்கிறேன். எங்கே துழாவுவது?

ப: டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையை அடித்து, வரும் லாக்கில் ‘சாட்டா லிங்க் அப்’ என்ற வரியைத் தேடுங்கள். 6.0 ஜிகாபிட் இருந்தால் உச்சம் நொடிக்கு 600 எம்பி. 1.5 இருந்தால் 150. பிழைகள் தொடர்ந்தால் லினக்ஸின் மையமான கெர்னலே லிங்க் வேகத்தைக் குறைக்கும். குறைத்ததை லாக்கில் எழுதியும் வைக்கும். அது ஒளிக்கவில்லை, நாம்தான் படிக்கவில்லை.

கே: 6 ஜிகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 750 வரணுமே! மீதி 150 யார் வாயில் போச்சு?

ப: 10-ஆல் வகுங்கள். சாட்டா ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் கம்பியில் அனுப்புகிறது. கணக்கு சரி, வாய்ப்பாடுதான் தப்பு.

கே: வேகம் அளக்க எச்டிபார்ம் கட்டளை போட்டால் என் பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 12,000 எம்பி காட்டுகிறது. அதிசயமா?

ப: கேபிடல் ‘டி’ போட்டிருக்கிறீர்கள். அது ரேமின் வேகம். ஸ்மால் ‘டி’ போடுங்கள், அதிசயம் தெளிந்துவிடும்.

கே: காப்பி முதலில் பறக்கிறது, பாதியில் படுத்துவிடுகிறது. டிரைவர் கோளாறுதானே?

ப: பறந்தது ரேமுக்குள். ரேமில் இடம் தீர்ந்ததும் டிஸ்க்கின் உண்மை வேகம் வெளியே வந்தது. எஸ்எஸ்டி என்றால் இன்னொரு படியும் உண்டு: உள்ளேயிருக்கும் எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான பகுதி நிரம்பியதும் வேகம் விழும். அளப்பதென்றால் ரேமைவிடப் பெரிய ஃபைலை எடுங்கள், அல்லது ஃபியோ கருவியில் டைரக்ட் முறையைப் போடுங்கள். ஃபியோவை எழுதிய ஜென்ஸ் ஆக்ஸ்போதான் லினக்ஸின் பிளாக் லேயரையும் பராமரிக்கிறார். அளவுகோல் செய்தவரே அளக்கப்படும் பொருளுக்கும் பொறுப்பாளி. இதைவிட நேர்மை என்ன வேணும்?

கே: டிஸ்க் காலியாக இருந்தபோது 200 எம்பி. இப்போது நிரம்பிவிட்டது, 110 எம்பிதான். அப்டேட்டைச் சந்தேகிக்கிறேன்.

ப: வடிவியலைச் சந்தேகியுங்கள். தட்டு எங்கும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. வெளிவட்டம் நீளமானது, ஒரு சுற்றில் அதிக செக்டர் அடங்கும். உள்வட்டத்துக்கு வரும்போது வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். பழைய எண்ணோடு ஒப்பிடுவதென்றால் டிஸ்க்கின் அதே பகுதியை அளக்கணும்.

கே: என் டிரைவரின் தேதி 21-6-2006 என்று காட்டுகிறது. இத்தனை வருஷமாகவா அப்டேட் ஆகாமல் இருக்கும்?

ப: விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்களுக்கு அதே தேதிதான், வேண்டுமென்றே. ஒரே பொருத்தமுள்ள இரண்டு டிரைவர் இருந்தால் தேதி புதியதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கொடுத்ததை விண்டோஸின் பொது டிரைவர் தள்ளிவிடக்கூடாது என்றுதான் இந்தப் பழைய தேதி. வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். டிரைவர் தேதியை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது.

கே: அதாவது பரவாயில்லை. எனக்கு 18-7-1968! அப்போது பிசியே கிடையாதே?

ப: பிசி கிடையாது, இன்டெல் உண்டு. கம்பெனி தொடங்கிய நாள் அது. அதே தந்திரம், கொஞ்சம் குடும்பப் பெருமையோடு.

கே: விண்டோஸே டிஸ்க்கை மெதுவாக்கிய கதை ஏதாவது?

ப: 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. எழுதும் வேகம் சரிந்துவிட்டதாக எஸ்எஸ்டிக்காரர்கள் புகார் சொன்னார்கள். டிசம்பரில் கேபி5008215 அப்டேட்டோடு தீர்வு எல்லாருக்கும் போனது. மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம்: ஒவ்வொரு முறை எழுதும்போதும் தேவையில்லாத வேலை நடந்தது, ஃபைல் மாற்றங்களைக் குறித்துவைக்கும் யுஎஸ்என் ஜர்னல் இயங்கும் டிஸ்க்கில் மட்டும். சி டிரைவில் அது எப்போதும் இயங்கும். ஆக, சி-யையும் இரண்டாவது டிரைவையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு டிஸ்க் நிரபராதி என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அளக்காதவர் புது எஸ்எஸ்டி வாங்கியிருப்பார்.

கே: விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எழுதுவது மந்தமானது. அதுவும் பிழையா?

ப: அது முடிவு. 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு ‘குவிக் ரிமூவல்’ டிஃபால்ட் ஆனது. எழுத்தைக் கேஷில் தேக்கி வைக்காததால் கொஞ்சம் மெதுவு, ஆனால் சட்டென்று கழற்றலாம். ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றினால் வேகம் வரும், ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துத்தான் கழற்றணும். வேகமும் வேணும், வெடுக்கென்று பிடுங்கவும் செய்வேன் என்றால் ஃபைல் மிஞ்சாது.

கே: யுஎஸ்பி 3 டிஸ்க் 35 எம்பிக்கு மேல் போக மாட்டேன் என்கிறது.

ப: அந்த 35 ஒரு வாக்குமூலம். யுஎஸ்பி 2-இன் 480 மெகாபிட் நடைமுறையில் 30 முதல் 40 எம்பிதான் தரும். கேபிளோ போர்ட்டோ ஹப்போ உங்களை 2-க்கு இறக்கிவிட்டிருக்கிறது. டிரைவரைத் தேடும் முன் வேறு கேபிளைத் தேடுங்கள்.

கே: என்விஎம்இ டிஸ்க் பாதி வேகம்தான் தருகிறது.

ப: லேனை எண்ணுங்கள். பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் லேனுக்குக் கிட்டத்தட்ட 985 எம்பி, நான்கு லேனுக்கு 3.9 ஜிபி. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ விவரத்தில் லிங்க் நிலையைப் பாருங்கள். எக்ஸ்4 இருக்கவேண்டிய இடத்தில் எக்ஸ்2, பக்கத்தில் ‘டவுன்கிரேடட்’ என்றிருந்தால் பாதி வேகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சில மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு லேன் குறைவு. அது மேனுவலில் அச்சடித்தே இருக்கும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத அந்த மேனுவலில்.

கே: லேப்டாப்பில் டிஸ்க் அவ்வப்போது திகைத்து நின்று, பிறகு ஓடுகிறது. அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.

ப: தூக்கப் பிரச்சினையாக இருக்கலாம். வேலையில்லாதபோது சாட்டா லிங்க்கைத் தூங்க வைத்துப் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வசதி உண்டு. 2018-இல் ஃபெடோரா 28 அதை லேப்டாப்களுக்கு டிஃபால்ட் ஆக்கியது. பல டிஸ்க்குகள் சமர்த்தாக எழுந்தன. எழத் தெரியாத மாடல்களுக்குக் கெர்னலில் விதிவிலக்குப் பட்டியலே இருக்கிறது. லிங்க் பவர் பாலிசியை ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கிப் பாருங்கள். திகைப்பு தீர்ந்தால் உங்கள் மாடலையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கே: லாக்கில் ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’ என்று வருகிறது. அதற்கப்புறம் டிஸ்க் தவழ்கிறது.

ப: ஒரு இன்டரப்ட் லைன் மணியடித்துக்கொண்டே இருந்தது, ‘எனக்குத்தான்’ என்று எந்த டிரைவரும் எடுக்கவில்லை. ஒரு லட்சம் அழைப்பில் 99,900-க்கு மேல் நாதியற்றுப் போனால் கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். அதே லைனில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பட்டினி. கெர்னலுக்குப் பொறுமை போக 99,900 அழைப்பு ஆகிறது. உங்களுக்கு ஒரே காப்பியில் போய்விட்டது, தம்பி.

கே: 2018-இல் டிஸ்க்கும் மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை. டேட்டாபேஸ் மட்டும் மெதுவானது. இன்று வரை புரியவில்லை.

ப: மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டை. அதை அடைக்க அந்த ஜனவரியில் வந்த பாதுகாப்பு பேட்ச், புரோகிராம் கெர்னலுக்குள் போய் வருகிற ஒவ்வொரு முறைக்கும் செலவைக் கூட்டியது. பெரிய ஃபைலை ஒரேயடியாகப் படித்தால் தெரியாது, சின்னச் சின்னதாகப் பல்லாயிரம் முறை படித்தால் உறைக்கும். வேகத்தைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கினார்கள். நல்ல பேரம். கழற்றிவிடாதீர்கள்.

கே: புது ஃபைல் வேகமாகப் படிக்கிறது, பழைய ஃபைல் மட்டும் ஊர்கிறது. டிரைவர் வயசு பார்க்குமா?

ப: டிரைவர் பார்க்காது, ஃபிளாஷ் செல் பார்க்கும். 2014-இல் சாம்சங் 840 ஈவோ எஸ்எஸ்டியில் நடந்தது இதுதான். நாளானதும் செல்லின் மின்னழுத்தம் நகர்ந்து, பழைய டேட்டாவைப் படிக்கத் திணறியது. அக்டோபரில் ஃபர்ம்வேர் கொடுத்தார்கள், போதவில்லை. 2015-இல் இன்னொன்று கொடுத்தார்கள். அளக்கும்போது பழைய ஃபைலையும் அளங்கள். அப்போது எழுதி அப்போதே படித்தால் எல்லா எஸ்எஸ்டியும் இளமைதான்.

கே: மெதுவானதும் லேட்டஸ்ட் டிரைவரை இறக்கிப் போட்டுவிடலாமா?

ப: முதலில் பழையதைப் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ அதற்குத்தான். பழையதில் வேகம் திரும்பினால் சந்தேகம் உறுதி, திரும்பாவிட்டால் டிரைவர் விடுதலை. புதியதைப் போட்டு வேகம் வந்தால் சந்தோஷம் கிடைக்கும், காரணம் கிடைக்காது. காரணம் தெரியாமல் போன வியாதி சொல்லாமல் திரும்பி வரும்.

கே: பயாஸில் ரெய்டு என்று இருப்பதை ஏஎச்சிஐ ஆக்கி, மைக்ரோசாஃப்ட் டிரைவரோடு அளந்து பார்க்கலாமா?

ப: நல்ல சோதனை. அப்படியே மாற்றினால் நீலத் திரைதான் வரவேற்கும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி வைத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டுச் சாதாரண பூட்டுக்கு வாருங்கள். ஆனால் உண்மையிலேயே இரண்டு டிஸ்க்கை ரெய்டில் கோத்திருந்தால் அந்தப் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள்.

கே: டிஸ்க் கம்பெனிமீது பழி போட்டு, பிறகு மூக்குடைந்த கதை உண்டா?

ப: 2015. அல்கோலியா என்ற தேடல் நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களில் ஃபைல்கள் சிதைந்தன. அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையில் சிக்கல், சாம்சங் எஸ்எஸ்டிமீது சந்தேகம். ஊரே நம்பியது. சாம்சங் பொறியாளர்கள் தோண்டிப் பார்த்து, ரெய்டில் டிரிம்மைக் கையாளும் லினக்ஸ் கெர்னலிலேயே பிழையைக் கண்டார்கள், பேட்சும் கொடுத்தார்கள். கூண்டில் நின்றவரே துப்பறிந்து வழக்கை முடித்தார்.

கே: கெர்னலில் ஆயிரக்கணக்கான மாற்றம் நடக்கிறது. கெடுத்தது எது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

ப: உங்களால். கிட் பைசெக்ட் என்று ஒரு கருவி. ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள். அது நடுவில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், நீங்கள் அளந்து ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்பீர்கள், பாதி கழிந்தது. 16,384-ஐ 14 முறை பாதியாக்கினால் மிஞ்சுவது 1. புரோகிராம் ஒரு வரி எழுதத் தெரியாதவரும் கெடுத்த மாற்றத்தை விரல் நீட்டிக் காட்டலாம்.

கே: பைசெக்ட் செய்தேன். டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத சவுண்ட் கார்டு மாற்றத்தில் வந்து நிற்கிறது!

ப: எங்கோ ஒரு இடத்தில் கெட்டதை நல்லது என்றோ நல்லதைக் கெட்டது என்றோ சொல்லியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் சொன்ன பதில் எல்லாம் சத்தியம், முடிவு மட்டும் பொய். வேகக் கோளாறில் இது அடிக்கடி நடக்கும். 180 எம்பி நல்லது, 45 கெட்டது, சரி. 120 எந்தக் கட்சி? தொடங்கும் முன்பே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கெர்னலிலும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். கடைசியில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நீக்கி அளங்கள். வேகம் வந்தால்தான் தீர்ப்பு.

கே: கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கோபக்காரராமே, சொல்லப் பயமாக இருக்கிறது.

ப: இந்த விஷயத்தில் அவர் உங்கள் கட்சி. ஒருவருக்கு ஓடிக்கொண்டிருந்ததைப் புதுக் கெர்னல் கெடுத்தால் தப்பு கெர்னல்மேல்தான், பயனர்மேல் இல்லை என்பது அவர் வைத்திருக்கும் முதல் விதி. சட்டென்று சரிசெய்ய முடியாவிட்டால் மாற்றத்தையே திரும்ப எடுக்கச் சொல்வார். கோபம் வருவது கெடுத்தவர்மேல்.

கே: புகாரில் என்ன எழுதணும்?

ப: டிஸ்க் மாடல், அதன் ஃபர்ம்வேர், கன்ட்ரோலர், கடைசியாக நன்றாக ஓடிய வெர்ஷன், முதலில் கெட்ட வெர்ஷன், இரண்டிலும் அளந்த எண், வெட்டாத லாக். ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்’ என்பது புலம்பல். ‘பழையதில் 180, புதியதில் 45, அதே டிஸ்க், அதே கேபிள், அதே கட்டளை’ என்பது புகார். புலம்பலுக்கு ஆறுதல் கிடைக்கும், புகாருக்குப் பேட்ச் கிடைக்கும்.

கே: பேட்ச் வரும் வரை?

ப: பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னல் காத்திருக்கும், அதில் ஏறுங்கள். தற்காலிகம் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய கெர்னலில் பழைய ஓட்டைகளும் இருக்கும்.

கே: கோடிக்கணக்கான கம்ப்யூட்டர். நான் ஒரு ஆள் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ப: 2017-இல் லினக்ஸ் 4.13 தயாராகிக்கொண்டிருந்தது. டிஸ்க் கட்டளைகளைப் பல வரிசையில் அனுப்பும் புது முறையை ஸ்கசி அடுக்குக்கு டிஃபால்ட் ஆக்கியிருந்தார்கள். சாட்டா டிஸ்க்கும் அந்த அடுக்கு வழியாகத்தான் போகும். எழுதியவர்கள் எதிர்பார்க்காத அமைப்புகளில் ரெக்ரெஷன் என்று சோதனைப் பதிப்பை ஓட்டியவர்கள் சொன்னார்கள். வெளியீட்டுக்கு முன்பே டிஃபால்ட்டைத் திரும்ப எடுத்தார்கள். குறைகளைத் தீர்த்து, 2018 அக்டோபரில் 4.19-இல்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்தச் சிலர் ‘நமக்கென்ன’ என்று இருந்திருந்தால் வேகத்தை இழந்திருக்கக்கூடியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தப்பித்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மாடல் டிஸ்க் எத்தனை வீட்டில் ஓடுகிறதோ, அத்தனை வீட்டுக்கும் சேர்த்து நீங்கள் ஒருவர் சொல்லுங்கள். எண்ணோடு.